போர்ஷே பந்தய கார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் சுஃபன்ஹவுசன் என்ற பகுதியில் இருக்கிறது போர்ஷே நிறுவனம். அதன் பந்தய கார்களைப் பற்றி நண்பர்களும் அவர்கள் பிள்ளைகளும் பல வருடங்களாக என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கோ இந்தக் கார்கள் ஒரு பகலும் ஒரு இரவும் விடாமல் ஓடி முடித்த கதையைச் சொல்லத்தான் ஆசை. அதனால் சில பதில்கள் நீளும்.

முதலில், பெயரை எப்படிச் சொல்வது?

ஜெர்மானியர்கள் கடைசி எழுத்தை விழுங்குவதில்லை. ‘போர்ஷ்’ என்று நிறுத்தாமல், முடிவில் ஒரு மெல்லிய ‘அ’ சேர்த்துச் சொல்வார்கள். தமிழில் ‘போர்ஷே’ என்று நிலைத்துவிட்டது. அதில் தவறில்லை.

லெ மான், லெ மான் என்கிறீர்களே, அது என்ன?

பிரான்சில் உள்ள ஒரு ஊர். 1923 முதல் அங்கே 24 மணி நேரக் கார் பந்தயம் நடக்கிறது. பொதுச் சாலைகளையும் நிரந்தரப் பந்தயத் தடத்தையும் இணைத்த பாதையில், ஒரு சுற்று 13 கிமீக்கு மேல் வரும். ஒரு காரை ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். 24 மணி நேரம் முடியும்போது அதிக தூரம் ஓடியிருக்கும் கார் வெல்லும். இன்ஜின், பிரேக், கியர், மனிதர்களின் கண்கள் என எல்லாவற்றுக்கும் அது சோதனை. அங்கே ஒட்டுமொத்த முதலிடத்தை போர்ஷே 19 முறை பிடித்திருக்கிறது. வேறு எந்த நிறுவனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

போர்ஷே முதன்முதலில் அங்கே போனது எப்போது?

1951இல். நிறுவனம் அப்போது குழந்தை. போர்ஷே பெயர் தாங்கிய முதல் கார், 356 வரிசையின் முதல் வண்டி, ஆஸ்திரியாவின் குமுண்ட் என்ற சிற்றூரில் 1948 ஜூனில்தான் பதிவாகியிருந்தது. போரின் குண்டுவீச்சுக்குப் பயந்து வடிவமைப்பு அலுவலகம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து அங்கே இடம் பெயர்ந்திருந்த காலம் அது.

1950இல் பாரிஸ் கார் கண்காட்சியில் லெ மான் பந்தயத்தின் அதிகாரி ஷார்ல் ஃபாரூ, நிறுவனர் ஃபெர்டினாண்ட் போர்ஷேயைச் சந்தித்துப் பந்தயத்துக்கு வரச் சொன்னார். போர் முடிந்து ஆறு வருடம்கூட ஆகாத நேரத்தில், ஒரு ஜெர்மன் கார் பிரான்சில் போய்ப் பந்தயம் ஓட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பந்தயத்தைப் பார்க்காமலே 1951 ஜனவரியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே இறந்துபோனார்.

ஜூனில் அலுமினிய உடல் கொண்ட ஒரே ஒரு 356 கார் ஓடியது. இன்ஜின் 1,100 சிசிக்குள். சக்தி 50 குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஓட்டியவர்கள் ஒகுஸ்த் வேய்யே, எட்மோன் மூஷ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். இவர்களில் வேய்யே, பிரான்சில் போர்ஷே விற்பனையாளர். ஒட்டுமொத்தத்தில் 20ஆவது இடம், இன்ஜின் அளவு வாரியாகப் பிரித்த தன் பிரிவில் முதலிடம். அன்று முதல் இன்றுவரை ஒவ்வொரு வருட லெ மானிலும் ஏதாவது ஒரு போர்ஷே ஓடிக்கொண்டிருக்கிறது.

நாஜி காலத்தோடு இந்த நிறுவனத்துக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. பந்தயப் பெருமை பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 1930களில் ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக 16 சிலிண்டர் கிராண்ட் பிரீ காரை வடிவமைத்தது ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் அலுவலகம். அந்தப் பந்தயங்களுக்கு ஹிட்லர் அரசு பணம் கொடுத்தது. ஃபெர்டினாண்ட் போர்ஷே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். போர்க்காலத்தில் அவர் பொறுப்பில் இருந்த ஃபோக்ஸ்வேகன் ஆலையில் கட்டாய உழைப்பாளிகள் வாட்டி வதைக்கப்பட்டார்கள்.

ஒரு மனிதரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 1931இல் போர்ஷே அலுவலகம் தொடங்கியபோது மூன்று பங்குதாரர்கள்: ஃபெர்டினாண்ட் போர்ஷே, அவர் மருமகன் அன்டன் பியெக், அடுத்து அடோல்ஃப் ரோசன்பெர்கர். ரோசன்பெர்கர் யூதர், தேர்ந்த பந்தய ஓட்டுநர். ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜின் வைத்த பென்ஸ் காரை 1920களிலேயே பந்தயத்தில் ஓட்டியவர். புது நிறுவனத்துக்குப் பணம் போட்டு, அதன் வணிகப் பொறுப்பையும் பார்த்துக்கொண்டவர். 1935இல் அவர் பங்கு முகமதிப்புக்கே வாங்கிக்கொள்ளப்பட்டது. அதே வருடம் அவர் கைதாகி கிஸ்லவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். வெளியே வந்ததும் நாட்டை விட்டுப் போனார். அமெரிக்காவில் வேறு பெயரில் வாழ்ந்து 1967இல் இறந்தார். பல பத்தாண்டுகள் நிறுவனத்தின் கதையில் அவர் பெயர் ஓரத்தில்கூட வரவில்லை. போர்ஷேயின் பந்தய மரபு என்றால் அதன் முதல் பக்கத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

சின்ன கார்களை வைத்துப் பெரிய கார்களை எப்படி வென்றார்கள்?

எடை. பதில் அந்த ஒரு சொல்தான். 1953இல் வந்த 550 ஸ்பைடர் கார் ஏறக்குறைய 550 கிலோ. அதற்காக எர்ன்ஸ்ட் ஃபூர்மன் வடிவமைத்த 1.5 லிட்டர் இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள், வால்வுகளைத் திறந்து மூடும் நான்கு கேம் தண்டுகள், 110 குதிரைத்திறன். பெரிய இன்ஜின் கார்கள் நேர்ச்சாலையில் பறந்துபோகும். வளைவு வந்ததும் பிரேக் பிடித்துத் திணறும். இது பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து, டயரைக் குறைவாகத் தேய்த்து, பெட்ரோலைக் குறைவாகக் குடித்து, மெல்ல மெல்ல முன்னே வந்துவிடும்.

இந்த வண்டி எவ்வளவு தாழ்வானது என்பதற்கு ஒரு சம்பவம். 1954 மில்லே மில்யா, இத்தாலியின் பொதுச் சாலைகளில் ஓடும் பந்தயம். ஹான்ஸ் ஹெர்மன் ஓட்டுகிறார், பக்கத்தில் ஹெர்பர்ட் லிங்கே. முன்னே ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருக்கிறது, ரயில் வருகிறது. பிரேக் பிடித்தால் நிற்காது என்று ஹெர்மனுக்குப் புரிந்துவிட்டது. லிங்கேயின் தலையைத் தட்டிக் குனியச் சொல்லிவிட்டு, தானும் குனிந்து, கேட்டுக்கு அடியிலேயே காரை ஓட்டிப் போனார். ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தைக் கடந்து, பிரிவில் முதலிடமும் பிடித்தார்கள். அந்தச் சில விநாடிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

பிரிவு வெற்றியைத் தாண்டி ஒட்டுமொத்த வெற்றி 1956இல் வந்தது. சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ, மலைப் பாதையில் ஒரு சுற்று 72 கிமீ. உம்பர்ட்டோ மாலியோலி ஏறக்குறைய எட்டு மணி நேரம் மாற்று ஓட்டுநர் இல்லாமல் 550 ஏ காரைத் தனியாக ஓட்டி, ஃபெராரியையும் மசெராட்டியையும் பின்னுக்குத் தள்ளினார். அந்தப் பந்தயத்தில் போர்ஷே மொத்தம் 11 முறை வென்றது.

போர்ஷே சாலைக் கார்களின் ‘கரேரா’, ‘டார்கா’ என்ற பெயர்கள் பந்தயங்களிலிருந்துதான் வந்தனவா?

ஆமாம். டார்கா, மேலே சொன்ன சிசிலிப் பந்தயத்திலிருந்து. கரேரா, மெக்சிகோவின் நெடுஞ்சாலைப் பந்தயமான கரேரா பானமெரிக்கானாவிலிருந்து. 1954இல் அங்கே ஹெர்மன் 550 ஸ்பைடரில் ஒட்டுமொத்தத்தில் மூன்றாவதாக வந்தார்.

ஃபார்முலா ஒன்னில் போர்ஷே ஏன் இல்லை?

இருந்தது. 1962 ஜூலை 8, பிரான்சின் ரூவான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அமெரிக்கரான டேன் கர்னி 804 காரில் வென்றார். தன் சொந்தக் காரோடு போர்ஷே ஃபார்முலா ஒன்னில் வென்ற ஒரே உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம் அதுதான். செலவு தாங்காமல் அந்த வருடத்தோடு விலகிவிட்டார்கள்.

அப்புறம் இன்ஜின் மட்டும் செய்து கொடுத்தார்கள். 1980களில் டாக் குழுமம் பணம் கொடுக்க, போர்ஷே வடிவமைத்த 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் மெக்லாரன் காரில் ஏறியது. 25 வெற்றிகள். 1984இல் நிக்கி லாவ்டா, 1985, 1986இல் அலன் ப்ரோஸ்ட் உலகச் சாம்பியன்கள். 1984இல் லாவ்டா ப்ரோஸ்ட்டை வென்றது அரைப் புள்ளி வித்தியாசத்தில்! ஆனால் 1991இல் ஃபுட்வொர்க் அணிக்குக் கொடுத்த 12 சிலிண்டர் இன்ஜின் கனமாக இருந்தது, ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, பாதி வருடத்திலேயே கைவிடப்பட்டது.

லாவ்டாவை வெல்ல வைத்த அந்த இன்ஜினைச் செய்தவர் ஹான்ஸ் மெஸ்கர். போர்ஷேயின் புகழ்பெற்ற சாலைக் காரான 911இன் ஆறு சிலிண்டர் இன்ஜினும் அவர் கைவண்ணம்தான். அடுத்த கேள்வியில் வரும் 917இன் இன்ஜினும் அவருடையதே. 2020இல் தன் 90ஆவது வயதில் காலமானார். ஓட்டுநர்கள் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

917 காரை ஏன் எல்லோரும் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1960களின் இறுதிவரை போர்ஷே ஒரு ‘பிரிவு வெற்றி’ நிறுவனம். லெ மானில் முதலிடம் என்பது கனவு. அப்போது விதி இப்படி: பந்தயத்துக்கென்றே செய்யும் முன்மாதிரிக் கார்களுக்கு இன்ஜின் 3 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆனால் 25 கார்கள் கட்டிக் காட்டினால் 5 லிட்டர்வரை வைத்துக்கொள்ளலாம். சின்ன நிறுவனம் எதுவும் 25 பந்தய கார் கட்டாது என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் பேரன், அப்போது 31 வயதே ஆன ஃபெர்டினாண்ட் பியெக், கட்டிவிடலாம் என்றார். நிறுவனத்தின் பணத்தையே பணயம் வைத்த முடிவு அது.

1969 ஏப்ரலில் சுஃபன்ஹவுசன் ஆலை வாசலில் 25 வெள்ளைக் கார்கள் வரிசையாக நின்றன. நேரம் போதாமல் அலுவலக ஊழியர்கள்கூட ஸ்பானர் பிடித்தார்கள் என்று சொல்வார்கள். சோதிக்க வந்த அதிகாரிகளிடம் எந்தக் காரை வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள் என்று பியெக் சொன்னார். அவர்கள் ஓட்டவில்லை.

உள்ளே இருந்தது 4.5 லிட்டர், 12 சிலிண்டர், காற்றால் குளிரும், சிலிண்டர்கள் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் படுக்கை இன்ஜின். தண்டு நீளமாக இருந்தால் முறுக்கி அதிரும் என்பதால் சக்தியை அதன் நுனியிலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து எடுத்தார் மெஸ்கர். சட்டகம் அலுமினியக் குழாய்களால் ஆனது, எடை 50 கிலோவுக்குள். குழாய்க்குள் அழுத்தத்தோடு வாயுவை அடைத்து வைப்பார்கள். அழுத்தம் குறைந்தால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். கியர் கம்பியின் குமிழைக்கூட பால்சா மரத்தில் செய்தார்கள், சில கிராம் மிச்சம் பிடிக்க.

அந்தக் கார் ஆபத்தானது என்கிறார்களே?

முதல் வருடம் உண்மையிலேயே ஆபத்தானது. மணிக்கு 300 கிமீக்கு மேல் போகும்போது பின்பக்கம் தரையை விட்டு எழும். தொழிற்சாலையின் சொந்த ஓட்டுநர்களே அதை ஓட்டத் தயங்கினார்கள். 1969 லெ மானில் ஜான் வூல்ஃப் என்ற பிரிட்டிஷ்காரர் தன் சொந்த 917இல் முதல் சுற்றிலேயே விபத்துக்குள்ளாகி இறந்தார்.

தீர்வு கிடைத்த விதம்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. 1969 அக்டோபரில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக் தடத்தில் சோதனை ஓட்டம். ஜான் வையரின் பிரிட்டிஷ் அணி போர்ஷேக்காகக் கார்களை ஓட்ட ஒப்புக்கொண்டிருந்தது. அதன் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் காரைச் சுற்றி வந்தார். முன்பக்கமெல்லாம் செத்த கொசுக்கள் அப்பியிருந்தன. வால் பகுதியில் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் காற்று வாலைத் தொடவே இல்லை! உடனே மெக்கானிக்குகள் அலுமினியத் தகடுகளை வெட்டி, ஆணி அறைந்து, வாலைக் குட்டையாக்கி மேல்நோக்கித் தூக்கினார்கள். மறுபடி ஓட்டிப் பார்த்தால் கார் அடங்கிவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் குட்டை வால் 917 கே.

முதல் லெ மான் வெற்றி எப்படி வந்தது?

அதற்கு 1969இலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் முன்னணியில் இருந்த 917, கடைசி சில மணி நேரத்தில் பழுதாகி நின்றது. பின்னால் வந்த 908 என்ற இன்னொரு போர்ஷே காரில் ஹான்ஸ் ஹெர்மன் (ரயில்வே கேட் கதையில் வந்த அதே ஹெர்மன்) ஜாக்கி இக்ஸின் ஃபோர்டோடு கடைசிச் சுற்றுவரை மல்லுக்கட்டினார். 24 மணி நேரம் ஓடிய பிறகு தோற்றது ஏறக்குறைய 120 மீட்டரில்.

1970 ஜூன் 13, 14. கொட்டும் மழை. பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. 23ஆம் எண் 917 கே, ஆஸ்திரியக் கொடி போலச் சிவப்பும் வெள்ளையும் பூசிய கார், பியெக்கின் தாய் லூயிஸ் பியெக்கின் சால்ஸ்பர்க் நிறுவனத்துடையது. ஓட்டுநர்கள் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும். மற்றவர்கள் பெரிய இன்ஜினைக் கேட்டபோது அட்வுட் சிறிய 4.5 லிட்டர் இன்ஜினே போதும் என்றிருந்தார். தகுதிச் சுற்றில் 15ஆவது இடம்தான் கிடைத்தது. போதாக்குறைக்கு அட்வுட்டுக்குப் பொன்னுக்கு வீங்கி! சாப்பிட முடியாமல் பால் குடித்துக்கொண்டே ஓட்டினார்.

51 கார்கள் கிளம்பின. முடிவில் இடம் கணக்கிடப்பட்டவை ஏழே ஏழு. முதல் மூன்றும் போர்ஷே, அவற்றில் முதலாவது 23ஆம் எண். வென்றால் பந்தயத்தை விட்டுவிடுவதாக மனைவிக்கு ஹெர்மன் வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடியே விட்டுவிட்டார்.

1971இன் சாதனை இவ்வளவு காலம் நின்றது ஏன்?

அந்த வருடம் ஹெல்முட் மார்கோவும் ஹைஸ் வான் லெனெப்பும் மக்னீசியச் சட்டகம் கொண்ட 917 கேயில் 5,335 கிமீ ஓடினார்கள். சராசரி மணிக்கு 222 கிமீ. 2010இல் ஆடி அணி 5,410 கிமீ ஓடும்வரை 39 வருடம் இது அசையவில்லை. இடையில் பாதுகாப்புக்காகத் தடத்தின் வேகத்தைக் குறைத்தார்கள், 1990இல் நீண்ட நேர்ச்சாலையில் இரண்டு வளைப்புகள் வைத்தார்கள். அதுவும் ஒரு காரணம். மக்னீசியம் தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

டர்போ என்பது பந்தயத்திலிருந்து வந்ததா?

போர்ஷேயைப் பொறுத்தவரை, ஆம். வீணாக வெளியேறும் புகையால் ஒரு விசிறியைச் சுழற்றி, அதைக் கொண்டு இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. 917இன் லெ மான் வாழ்க்கை விதி மாற்றத்தால் 1971இல் முடிந்ததும், வட அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத்துக்கு அதை டர்போவோடு கொண்டுபோனார்கள். அங்கே இன்ஜின் அளவுக்கு வரம்பில்லை. 1972இல் ஜார்ஜ் ஃபோல்மர் சாம்பியன். 1973இல் மார்க் டோனஹூ, 5.4 லிட்டர் 917/30இல். 1,100 குதிரைத்திறனுக்கு மேல்! மிதியை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, அடுத்த கணம் எல்லாம் ஒரேயடியாக வந்து தள்ளும். அந்தத் தாமதத்தை அடக்கக் கற்றுக்கொண்ட பாடத்தோடு 1974இல் பாரிஸ் கண்காட்சியில் சாலைக்கான 911 டர்போ வந்தது.

உங்களுக்கு மிகப் பிடித்த பந்தயம் எது?

1977 லெ மான், யோசிக்காமல் சொல்வேன். இப்போது போர்ஷே அணியில் இருந்த இக்ஸ் ஓட்டிய 936 கார் ஆரம்பத்திலேயே பழுதாகி நின்றது. அணியின் இன்னொரு 936, யூர்கன் பார்த்தும் ஹர்லி ஹேவுட்டும் ஓட்டியது, கோளாறால் வெகுதூரம் பின்னால் போயிருந்தது. இக்ஸை அதில் ஏற்றினார்கள். இரவு முழுக்க மழையிலும் மூடுபனியிலும் அவர் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. பத்துப் பத்து இடங்களாகத் தாண்டி முன்னே வந்தது. எதிரிகளான ரெனோ கார்கள் ஒவ்வொன்றாக உடைந்தன.

காலையில் முன்னணி. ஆனால் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது நம் காரின் ஒரு பிஸ்டன் போய்விட்டது. பழுது பார்க்கும் இடமான பிட்டுக்குள் கொண்டுவந்து அந்த ஒரு சிலிண்டரை மட்டும் முடக்கி, காரை நிறுத்தி வைத்தார்கள். இறுதிக்கோட்டை ஓடித்தான் கடக்க வேண்டும் என்பது விதி. இன்ஜினைப் புரிந்து ஓட்டத் தெரிந்த பார்த்தை உட்கார வைத்து, கடைசி நிமிடங்களில் வெளியே அனுப்பினார்கள். ஐந்து சிலிண்டரில், புகை விட்டுக்கொண்டு, மெதுவாக உருண்டு வந்து வென்றது அந்தக் கார். பார்த்தின் தந்தை எட்கர் பார்த்தும் போர்ஷே ஓட்டுநர்தான். 917இன் எந்த வேகத்தைவிடவும் அந்தக் கடைசிச் சுற்றுகள்தான் எனக்குப் போர்ஷே.

956, 962 கார்களில் என்ன சிறப்பு?

1982இல் விதி மாறியது. இன்ஜின் அளவு உன் விருப்பம், ஆனால் 1,000 கிமீக்கு 600 லிட்டர் பெட்ரோல்தான் என்றார்கள். சிக்கனம் தெரிந்தவனுக்கான விதி. பொறியாளர் நோர்பர்ட் சிங்கர் தலைமையில் ஒன்பது மாத அளவில் 956 உருவானது. காரின் அடிப்பகுதியை விமான இறக்கையைக் கவிழ்த்தது போல வளைத்து, அடியில் பாயும் காற்றே காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும்படி செய்தார்கள். படுக்கை இன்ஜின் அந்தக் காற்று வழியை அடைக்கும் என்பதால் இன்ஜினையே சற்றுச் சாய்த்து வைத்தார்கள்.

முதல் லெ மானிலேயே 1, 2, 3 எண் கொண்ட கார்கள் அதே வரிசையில் முதல் மூன்று இடங்கள். 1983இல் முதல் பத்தில் ஒன்பது 956. மீதி ஒன்று சௌபர். 1982 முதல் 1987 வரை ஆறு வருடமும் வெற்றி இந்த இரண்டு கார்களுக்கே. இவற்றைத் தனியார் அணிகளுக்கும் விற்றார்கள் என்பது முக்கியம். 1984இலும் 1985இலும் வென்றது யோஸ்ட் என்ற தனியார் அணி. இன்று சாலைக் கார்களில் உள்ள இரட்டைக் கிளட்ச் கியரும் 956, 962 கார்களில்தான் சோதிக்கப்பட்டது.

இத்தனை பேர் உயிரிழந்த விளையாட்டைக் கொண்டாடலாமா?

இந்தக் கேள்வியை ஒரு நண்பரின் மகள் கேட்டாள். ஜெர்மன் ஓட்டுநர் ஸ்டெஃபான் பெல்லோஃப் பற்றிச் சொன்னேன். 1983 மே 28, நூர்பர்க்ரிங் வடக்குத் தடம், தகுதிச் சுற்று. 956இல் 6 நிமிடம் 11.13 விநாடி. வயது 25. இரண்டு வருடம் கழித்து, 1985 செப்டம்பர் 1 அன்று பெல்ஜியத்தின் ஸ்பாவில், ஒரு தனியார் அணியின் 956இல், இக்ஸின் காரை முந்தப்போய் மோதி இறந்தான். அவன் நேரம் 35 வருடம் அப்படியே இருந்தது. 2018 ஜூன் 29 அன்று டிமோ பெர்ன்ஹார்ட், விதிகளிலிருந்து விடுவிக்கப்பட்ட 919 ஈவோ காரில் 5 நிமிடம் 19.546 விநாடியில் அதை முறியடித்தார்.

கொண்டாடலாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இறந்தவர்கள் பெயரை விட்டுவிட்டு அல்ல. 917இல் ஓட்டுநரின் கால்கள் முன்சக்கர அச்சுக்கும் முன்னால் நீண்டிருக்கும். இன்றைய கார்களில் கார்பன் இழைக் கூட்டுக்குள் ஓட்டுநர் இருக்கிறார். அந்த மாற்றத்துக்கு வூல்ஃபும் பெல்லோஃபும் இன்னும் பலரும் உயிரால் விலை கொடுத்தார்கள்.

போர்ஷே கார்களில் சாவி ஏன் இடப்பக்கம்?

பழைய லெ மான் தொடக்கத்தில் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிப்போய்க் காரில் ஏறுவார்கள். இடக்கையால் சாவியைத் திருப்பும்போதே வலக்கையால் கியர் போடலாம், சில கணங்கள் மிச்சம். இதுதான் காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். அவசரத்தில் பெல்ட் போடாமல் கிளம்பியவர்கள் உண்டு. அதை எதிர்த்து 1969இல் இக்ஸ் ஓடாமல் நடந்தே போய், நிதானமாகப் பெல்ட் போட்டுக் கடைசியாகக் கிளம்பினார். வென்றதும் அவர்தான். அடுத்த வருடம் அந்த முறையை எடுத்துவிட்டார்கள்.

ராலி, பாலைவனம் எல்லாம் ஓடியிருக்கிறதா?

நிறைய. மோன்டி கார்லோ ராலியில் 1968 முதல் 1970 வரை மூன்று முறை தொடர்ந்து 911 வென்றது. முதலில் விக் எல்ஃபோர்ட், பிறகு இரண்டு முறை பியோர்ன் வால்டகோர்ட். பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தை 1984இலும் 1986இலும் ரெனே மெட்ஜ் வென்றார்.

பெண்கள் ஓட்டியிருக்கிறார்களா?

2023 நவம்பரில் பஹ்ரைன் 8 மணி நேரப் பந்தயத்தில் சாரா போவி, மிஷெல் காட்டிங், ராஹெல் ஃப்ரை மூவரும் 911 ஆர்எஸ்ஆர் காரில் தங்கள் பிரிவை வென்றார்கள். அயர்ன் டேம்ஸ் என்பது அணியின் பெயர்.

ஹைபிரிட் கார் எப்படி வென்றது?

919 ஹைபிரிட், 2014 முதல் 2017 வரை. பின்சக்கரத்துக்கு நான்கு சிலிண்டர் 2 லிட்டர் டர்போ இன்ஜின், முன்சக்கரத்துக்கு மின்மோட்டார். பிரேக் பிடிக்கும்போதும் புகை வெளியேறும்போதும் மின்சாரம் சேமிக்கும். அதன் 800 வோல்ட் முறைதான் பின்னால் டைகான் மின்காரில் வந்தது.

2015 வெற்றி நேரானது. 2016இல் முன்னணியில் இருந்த டொயோட்டா, முடிய மூன்று நிமிட அளவே இருக்கும்போது சக்தி இழந்து நின்றது. பின்னால் வந்த போர்ஷே வென்றது. எதிரணி என்றாலும் அந்தக் காட்சியைப் பார்க்க மனம் கனத்துப்போகும். 2017இல் கதை தலைகீழ்: வென்ற போர்ஷேயே ஆரம்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிட்டில் கிடந்தது. கடைசி இடங்களிலிருந்து ஒவ்வொரு காராகத் தாண்டி வந்து, முடிய ஒரு மணி நேர அளவு இருக்கும்போது முதலிடம் பிடித்தது. பெர்ன்ஹார்ட், ஏர்ல் பாம்பர், பிரெண்டன் ஹார்ட்லி ஓட்டினார்கள். 1977ஐ நேரில் பார்க்காத என்னைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பரிசு அது.

இப்போது என்ன ஓட்டுகிறார்கள்?

2023 முதல் பென்ஸ்கி அணியோடு 963. அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை 2024இலும் 2025இலும் வென்றது. 2025 லெ மானில் ஃபெராரியிடம் 14 விநாடியில் தோற்று இரண்டாமிடம், ஆக 20ஆவது வெற்றி இன்னும் வரவில்லை. உலக நெடுந்தூரப் பந்தயத் தொடரின் முதன்மைப் பிரிவிலிருந்து 2025 முடிவோடு விலகுவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. அமெரிக்கத் தொடரும் மின்கார்களின் ஃபார்முலா ஈயும் தொடர்கின்றன.

இந்தக் கார்களை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். சுஃபன்ஹவுசனில் 2009இல் திறந்த போர்ஷே அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்டுட்கார்ட் மையத்திலிருந்து எஸ்-பான் ரயில் ஏறி நொய்விர்ட்ஸ்ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே கட்டடம். திங்கட்கிழமை விடுமுறை. ஒரு சமயத்தில் ஏறக்குறைய 80 வண்டிகள் இருக்கும், அவ்வப்போது மாற்றுவார்கள், ஏனென்றால் பல கார்கள் இன்றும் ஓடும் நிலையில் விழாக்களுக்குப் போய்வருகின்றன. 917 ஏதாவது ஒன்று அங்கே நின்றால், முன்பக்கத்தில் நின்று படம் எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். பின்னால் போய் அந்த வாலைப் பாருங்கள். குட்டை வாலாக இருந்தால், கொசு ஒட்டாத அந்த மத்தியானத்தில் வெட்டிய தகடுகளின் வடிவம் அதில் அப்படியே இருக்கும்.